சவச்சீலையும் கோடித்துணியும்: மார்க் லானகனின் தனித்தொகுப்பை வடசென்னை மரண கானாவோடு வைத்துக் கேட்டல்

ஆய்வுச்சுருக்கம்

வடசென்னைக் கானாவைத் ‘தமிழின் புளூஸ்’ என்று குறிக்கும் வழக்கு இதழ்களிலும் மேடைகளிலும் நிலைபெற்றுவிட்டது. அமெரிக்க ராக் பாடகர் மார்க் லானகனின் ‘தி வைண்டிங் ஷீட்’ (1990) என்னும் தனித்தொகுப்பைக் கொண்டு அவ்வொப்புமையை இக்கட்டுரை சோதித்துப் பார்க்கிறது. சாவைப் பாடும் குரல் யாரை விளித்துப் பாடுகிறது என்பதே இங்கு அளவுகோல். அவ்வளவுகோலின்படி, புளூஸ் சாயல் கொண்ட தனிக்குரலுக்குத் தமிழில் நெருங்கிய உறவு பெண்களின் ஒப்பாரியே. மரண கானாவோ கையறுநிலை மரபோடு சேர்த்து எண்ணத்தக்கது. இரண்டையும் மாற்றி இணைப்பதால் யாருடைய குரல் காணாமற் போகிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரண கானா, ஒப்பாரி, புளூஸ், கையறுநிலை, முதுபாலை, வடசென்னை, மார்க் லானகன்

‘தமிழின் புளூஸ்’ என்னும் தொடர்

கானாவைப் பற்றி எழுதப் புகுவோரிற் பலர் முதற்பத்தியிலேயே புளூஸைத் துணைக்கு அழைத்துக்கொள்கின்றனர். இரண்டும் ஒடுக்கப்பட்டோர் இசை. உழைப்பிலும் இடப்பெயர்விலும் பிறந்தவை. காதல், குடி, சிறை, சாவு ஆகியவற்றைப் பாடுபவை. ஏட்டில் ஏறாமல் வாய்வழியே வளர்ந்தவை. இவ்வொற்றுமைகள் பொய்யல்ல. மிசிசிப்பிப் பருத்தித் தோட்டங்களிலிருந்து சிகாகோவின் ஆலைகளுக்குப் பெயர்ந்த கறுப்பின உழைப்பாளிகளையும், சுற்றுவட்டார மாவட்டங்களின் சேரிகளிலிருந்து மதராஸ் துறைமுகத்துக்கும் பின்னி ஆலைகளுக்கும் வந்துசேர்ந்த உழைப்பாளிகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதில் நியாயம் உண்டு. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து புறப்பட்டது. அன்று தொட்டு எண்ணூர் அனல்மின் நிலையம், மணலிச் சுத்திகரிப்பு ஆலை, காமராசர் துறைமுகம் எனத் தொடர்ந்த ஒவ்வொன்றும் இந்த நிலப்பகுதிக்குக் கூலியையும் கரியையும் சேர்ந்தே கொண்டுவந்தது. இசை வரலாறு இதற்கு வெளியே நிகழ்ந்திருக்க முடியாது.

ஆயினும் ‘இது தமிழின் அது’ என்னும் வாய்பாடு ஐயத்திற்குரியது. பெருமை பெற்ற ஒன்றின் பெயரைப் பெருமை பெறாத ஒன்றுக்கு இரவல் தருவதன்மூலம் மதிப்பை ஏற்றிவிடலாம் என்ற நல்லெண்ணம் அதில் இருக்கிறது. நல்லெண்ணம் ஆய்வாகிவிடாது. புளூஸின் பன்னிரண்டு அளவைச் சுற்றும், முதலடியைத் திருப்பிச் சொல்லி மூன்றாமடியில் விடையிறுக்கும் பாட்டமைப்பும் கானாவில் இல்லை. கானா திரைப்பட மெட்டுகளைத் தாராளமாக எடுத்துக்கொண்டு சொல்லை மட்டும் புதிதாகக் கட்டும். தாளமின்றித் தொகையறாவாக இழுத்துத் தொடங்கிப் பின் டோலக்கில் இறங்கும். இவ்வேறுபாடுகளைச் சுட்டி ஒப்புமையை மறுத்துவிடுவது எளிது. அது போதாது என்பதே என் கருத்து. இசையிலக்கணம் வேறுபட்டும் இரு மரபுகள் ஒரே வேலையைச் செய்யக்கூடும். ஆகவே அவை செய்யும் வேலையை நோக்க வேண்டும். அதற்குப் புளூஸை அதன் பொதுப்பெயரால் அழைக்காமல் ஒரு குறிப்பிட்ட இசைத்தொகுப்பைக் கையிலெடுத்துக்கொள்வது பயன்தரும்.

சவச்சீலை

மார்க் லானகன் (1964–2022) வாஷிங்டன் மாநிலத்தின் எல்லன்ஸ்பர்க் என்னும் சிற்றூரில் பிறந்தவர். ‘ஸ்க்ரீமிங் ட்ரீஸ்’ என்னும் ராக் குழுவின் பாடகர். குழுவில் இருந்தபடியே 1990இல் சியாட்டிலின் ‘சப் பாப்’ நிறுவனம்வழித் தம் முதல் தனித்தொகுப்பை வெளியிட்டார். அதன் தலைப்பு ‘தி வைண்டிங் ஷீட்’. பிணத்தைச் சுற்றிப் பொதியும் துணிக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பழஞ்சொல் அது, சவச்சீலை எனலாம். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து.

இத்தொகுப்பு உருவான கதை நம் பொருளுக்கு நேரடியாக உதவுவது. 1989இல் லானகனும் ‘நிர்வாணா’ குழுவின் கர்ட் கோபேனும் லெட் பெல்லியின் பாடல்களை மட்டும் கொண்ட சிறு இசைத்தட்டு ஒன்றை உருவாக்க முனைந்தனர். சில பாடல்கள் பதிவாயின; திட்டம் நிறைவேறவில்லை. அதில் எஞ்சிய ஒரு பாடலைத் தன்னுள் வைத்துக்கொண்டே இத்தனித்தொகுப்பு வெளிவந்தது. அப்பாடலில் கோபேன் கிதாரும் கிறிஸ்ட் நோவொசெலிக் பேஸும் வாசித்தனர். அதே பாடலை 1993 நவம்பரில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நிர்வாணா பாடியதும், கோபேனின் இறப்புக்குப் பின் அப்பதிவு உலகெங்கும் சென்றதும் பலர் அறிந்தவை. லானகனின் பதிவே முந்தியது என்பதைச் சிலரே நினைவுகூர்வர்.

லெட் பெல்லி என்ற ஹடி லெட்பெட்டரை நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஜான் லோமக்ஸ் 1933இல் முதன்முதலாகப் பதிவுசெய்த இடம் லூசியானாவின் அங்கோலா சிறைச்சாலை. அவர் பாடியதாலேயே இப்பாடல் கறுப்பினப் புளூஸின் சொத்து என்று எண்ணப்படுகிறது. உண்மையில் இது அப்பலாச்சிய மலைப்பகுதியில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் பாடிப்பாடி உருமாற்றிய பழம்பாடல். பைன் மரக்காடு, தகிக்கும் சந்தேகம், தண்டவாளத்தில் ஒரு சாவு. எவர் பாடினாலும் இவற்றில் சில உடன்வரும். தனிமனிதத் துயரத்தின் உச்சமாக ராக் இரசிகர்கள் கேட்கும் பாடலுக்குத் தனி ஆசிரியர் இல்லை.

தொகுப்பின் மற்றப் பாடல்கள் புதியன. மைக் ஜான்சனின் கிதார் பெரும்பாலும் தணிந்தே ஒலிக்கிறது; மார்க் பிக்கரலின் முரசு தேவைக்கு மேல் ஓரடி கூட இடுவதில்லை; ஜாக் எண்டினோவின் ஒலிப்பதிவு குரலுக்கும் செவிக்கும் நடுவே எதையும் வைக்காமல் விலகிக்கொள்கிறது. லானகனின் கட்டைக்குரல் அப்போதே முதுமை பூசியிருந்தது. அக்குரலை வியந்தே இத்தொகுப்பைப் பற்றிப் பலரும் எழுதியுள்ளனர். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இத்தொகுப்பில் சாவு எங்கும் இருக்கிறது. செத்தவர் யார் என்பது எங்கும் இல்லை. பெயர் இல்லை, ஊர் இல்லை, உறவு இல்லை. ‘நீ’ என்று விளிக்கப்படுபவர் பாடல்தோறும் மாறுகிறார். எவரும் மறுமொழி தருவதில்லை. பிணம் கிடக்கிறது, சுற்றத் துணி இருக்கிறது, அழ வந்தவர் ஒருவரும் இல்லை. பாடுபவனே கிடப்பவனும் ஆகிறான்.

பழமொழிபோல் வழங்கும் கருத்து ஒன்று உண்டு: புளூஸ் பாடகன் தன் துயரைப் பாடும்போது கூட்டத்தின் துயரையே பாடுகிறான். பழைய புளூஸுக்கு அது பொருந்தும்; அது சாராயக் கடையிலும் சனிக்கிழமை நடனத்திலும் ஒலித்தது, கேட்டோர் எதிர்க்குரல் கொடுத்தனர். லானகன் செய்தது அந்த இசையிலிருந்து கூட்டத்தை நீக்கியது. தனித்தொகுப்பு என்ற வடிவமே அதற்கு வாகானது. குழுவிலிருந்து பிரிந்த ஒருவர், மூடிய அறையில் பதிவுசெய்து, மூடிய அறையில் இருக்கும் ஒருவருக்கு அனுப்புவது. இதனைக் குறையாகக் கூறவில்லை. இத்தொகுப்பின் ஆற்றல் இங்கேதான் இருக்கிறது. ஆயினும் ஒன்றிரண்டு பாடல்களில் இருள் பழக்கமாகிப்போய், சாவு என்ற சொல்லே பாட்டின் வேலையைச் செய்துவிடும் என்று பாடகர் நம்பிவிடுகிறார். அவ்விடங்களில் குரல் மட்டும் எஞ்சுகிறது.

இரவுப் பந்தல்

‘கோடி’ என்ற தமிழ்ச் சொல்லைச் சவச்சீலைக்கு அருகில் வைத்துப் பார்க்கலாம். புதுத்துணி என்பது பொருள். சாவு வீட்டில் ‘கோடி போடுதல்’ என்பது சடங்கு. பிறந்த வீட்டுக் கோடி, சம்பந்தி வீட்டுக் கோடி என ஒவ்வொரு துணியும் யார் கொண்டுவந்தது என்ற அடையாளத்தோடுதான் பிணத்தின்மேல் விழுகிறது. எவர் போட்டார், எவர் போடவில்லை என்பது பல ஆண்டுகள் பேசப்படும். சவச்சீலை உடலை மறைக்கிறது. கோடி உறவை வெளிப்படுத்துகிறது. இரு மரபுகளின் சாவுப்பாட்டையும் பிரிக்கும் கோடு இவ்விரு சொற்களுக்கு நடுவிலேயே ஓடுகிறது.

வடசென்னையின் மரண கானா இரவில் நிகழ்வது. தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, கண்ணாடிப் பெட்டியில் உடலை வைத்து, மறுநாள் எடுக்கும்வரை விடிய விடியப் பாடுவர். டோலக், கீபோர்டு, ஒலிபெருக்கி ஆகியவற்றோடு அழைக்கப்பட்ட பாடகர் வருகிறார். முதலில் அவர் கேட்பது பெயர்களை. இறந்தவர் பெயர், பெற்றோர் பெயர், மனைவி மக்கள் பெயர், நண்பர்களின் பட்டப்பெயர், அவர் செய்த வேலை, நின்று பேசிய முனை. அரைமணிக்குள் இவையாவும் பாட்டுக்குள் வந்துவிட வேண்டும். வராவிடில் கூட்டமே எடுத்துக்கொடுக்கும். திருவொற்றியூர், காசிமேடு பகுதிகளில் நான் கேட்ட இரவுகளில் ஒன்றைக் கவனித்தேன்: தன் பெயர் பாட்டில் வந்த உறவினர் எழுந்துவந்து பணம் தருகிறார், தந்ததும் அவர் பெயர் மறுபடி பாடப்படுகிறது. இதனை வணிகம் என்று முகஞ்சுளிப்போர் உண்டு. கோடி போடுவதன் இசை வடிவம் என்றே இதனைக் கொள்ள வேண்டும்.

பாடகர் பல வேளைகளில் இறந்தவராகவே நின்று ‘நான்’ என்று பேசுகிறார். தாயை விளித்துத் தன்னைத் தேடவேண்டாம் என்கிறார். நண்பர்களிடம் தன் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார். இந்த ‘நான்’ லானகனின் ‘நான்’ அன்று. அது வாடகைக்கு எடுத்த ‘நான்’. ஒரு மணிநேரத்துக்கு மட்டும் ஒரு குறிப்பிட்ட இறந்தவருடையது. அடுத்த தெருவில் அடுத்த வாரம் வேறொருவருடையதாகும். மெட்டு அதுவே, அடிகளில் பாதியும் அவையே. பெயர்கள் மட்டும் புதியன. வாய்மொழி மரபில் வாய்பாடுகள் இவ்வாறுதான் இயங்கும் என்பதைச் சங்கப் பாடல்களை வைத்து க. கைலாசபதி 1968இல் வெளிவந்த தம் ஆங்கில நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். மரண கானாவில் ஒரே பாட்டைப் பலருக்குப் பாடுகிறார்கள் என்று குறைகூறுவோர் பாணர் மரபையும் அவ்வாறே குறைகூற வேண்டியிருக்கும்.

இன்று இவ்விரவுகள் பதிவாகி யூடியூபில் ஏறுகின்றன. முன்பின் அறியாத ஓர் இளைஞரின் பெயரையும் அவர் தாயின் பெயரையும் உலகின் எங்கோ ஒரு மூலையில் எவரோ கேட்கின்றனர். லானகனின் தொகுப்பு ஒலிப்பதிவாகப் பிறந்ததால் பெயரைத் துறந்தது; மரண கானா ஒலிப்பதிவான பின்னும் பெயரை விடவில்லை. துறைமுகத்திலும் மீன்பிடி படகிலும் லாரியிலும் உழைத்து இறந்தோருக்கு நாளிதழில் இரங்கல் குறிப்பு எழுதுவார் இல்லை. இந்த ஒளிக்கோப்புகளே அவர்களுடைய நடுகற்கள்.

கையறுநிலை, முதுபாலை

ஒப்புமைக்கு உரிய சொற்கள் நம் இலக்கணத்திலேயே இருக்கும்போது கடன் வாங்குவானேன்? தொல்காப்பியம் காஞ்சித் திணையின் துறைகளுள் கையறுநிலையையும் முதுபாலையையும் தனித்தனியே வைக்கிறது. கையறுநிலை, தலைவன் இறந்தபின் அவனைச் சார்ந்து வாழ்ந்தோர் செயலற்றுப் புலம்புவது. பாரியை இழந்த கபிலரும் அதியமானை இழந்த ஔவையாரும் பாடியவை நாமறிந்த சான்றுகள். அங்கே இறந்தவனுக்குப் பெயர் உண்டு, மலை உண்டு, கொடை உண்டு. பாடுபவருக்கும் அவனுக்கும் இடையே கொடுக்கல் வாங்கல் உண்டு. கேட்க ஒரு சுற்றம் உண்டு. மரண கானாவின் அமைப்பு இதுவே. வேறுபாடு ஒன்றுதான்: புறநானூற்றில் பெயர் பெற்றோர் வேந்தரும் வேளிரும் முதலானோர்; இங்கே பெயர் பெறுபவர் மீன் ஏலக்காரரும் சுமைதூக்குபவரும். இலக்கணத்தின்மீது நிகழ்ந்த சமூக மாற்றம் என்றே இதனை மதிப்பிட வேண்டும்.

முதுபாலை வேறு. சுரத்திடையே கணவனை இழந்து தமியளாய் நிற்கும் பெண்ணின் புலம்பல் அது. கேட்க எவரும் இல்லை. இருப்பது பாலை நிலம். புறநானூற்று 256ஆம் பாடலில் அவள் குயவனை விளித்து, இறந்தவனுக்காக வனையும் தாழியைத் தன்னையும் கொள்ளுமளவு அகலமாக வனையுமாறு வேண்டுகிறாள். இறந்தவன் பெயர் அப்பாட்டில் இல்லை. பாடுபவள் தன்னையும் பிணத்தோடு சேர்த்து அடக்கம் செய்துகொள்ளத் துணிகிறாள். தன்னைச் சுற்றத் தானே சீலை தேடும் லானகனின் குரலுக்கு இரண்டாயிரமாண்டு மூத்த தமக்கை இவள்தான்.

முதுபாலையின் வாழும் வடிவம் ஒப்பாரி. இஸபெல் கிளார்க்-டெசே செஞ்சி வட்டாரத்தில் களப்பணி செய்து எழுதி 2005இல் வெளியான நூலின் தலைப்பே ‘செத்தவருக்காக எவரும் அழுவதில்லை’ என்ற பொருள்பட அமைந்தது. ஒப்பாரி வைக்கும் பெண்கள் இறந்தவரை முன்னிட்டுத் தம் வாழ்வின் இழப்புகளையே அழுகின்றனர் என்பது அவர் கண்டது. தாய்வீடு இழந்தது, சீர் கிடைக்காதது, புகுந்த வீட்டில் மதிப்பின்றிப் போனது ஆகியவற்றையெல்லாம் பேச அவளுக்குக் கிடைக்கும் ஒரே மேடை பிணத்தின் பக்கம். சாவு அவளுக்கு மறைப்பு. அதன் மறைவில் பாடுபொருள் தானே. அவளைச் சுற்றி மற்றப் பெண்கள் தோள்கோத்து அழுதாலும் ஒவ்வொருத்தியின் பாட்டும் தனித்தனியே ஓடுகிறது. கூட்டத்தின் நடுவில் இருக்கும் தனிமை அது.

இப்போது ‘தி வைண்டிங் ஷீட்’டைத் திரும்பக் கேட்டால், அது ஒப்பாரியின் இலக்கணத்திலேயே இயங்குவது தெரிகிறது. பெயரற்ற சாவை முன்வைத்துத் தன்னை அழுதல்; விளிக்கப்படுபவர் மறுமொழி தராமை; பழைய வாய்பாடுகளைத் தன் துயருக்கு வளைத்தல். புளூஸ் சாயல் கொண்ட தனிக்குரலுக்குத் தமிழில் இணை தேட வேண்டுமாயின் டோலக்கு ஒலிக்கும் பந்தலுக்குள் போகவேண்டியதில்லை. பந்தலுக்கு அப்பால், வீட்டுக்குள், ஒலிபெருக்கி எட்டாத இடத்தில் அமர்ந்திருக்கும் பெண்களிடம் போகவேண்டும்.

இந்த நிலத்தின் பழைய பாடகர் ஒருவரையும் இங்குக் கூறாமல் செல்ல இயலாது. திருவொற்றியூர்க் கடற்கரையில் சமாதி கொண்டவராகப் போற்றப்படும் பட்டினத்தார், எல்லாப் பற்றையும் துறந்தபின் தாயின் ஈமத்தில் மட்டும் உடைந்து பாடியவர். அப்பாடல்களின் தன்மை ஆண்குரலில் ஒலிக்கும் ஒப்பாரி எனத்தக்கது. தொண்டியார்பேட்டையில் அடங்கிய குணங்குடி மஸ்தான் சாகிபின் (மறைவு 1838) பாடல்களோடு கானாவின் தோற்றத்தை இணைத்துப் பேசும் மரபும் வடசென்னையில் உண்டு. அத்தொடர்ச்சியை ஆவணங்களால் நிறுவுவது தனி ஆய்வுக்குரியது. உடலின் நிலையாமையைத் தன்மை இடத்தில் நின்று பாடும் பழக்கம் இக்கரைக்குப் புதிதன்று என்பது மட்டும் இங்குப் போதும்.

மறைந்த பாடகிகள்

ஒப்புமையை மாற்றி அமைப்பதால் என்ன பயன் என்று கேட்கலாம். பெயரிடலில் இழப்பு ஒன்று நிகழ்ந்திருக்கிறது. அதனை அமெரிக்க வரலாறே தெளிவாகக் காட்டுகிறது.

புளூஸ் என்றதும் கிதாரோடு நாற்சந்தியில் நிற்கும் தனி ஆண் நம் மனத்தில் தோன்றுகிறான். ஆனால் கறுப்பினக் கலைஞர் பாடிப் பெருவிற்பனை கண்ட முதல் புளூஸ் இசைத்தட்டு 1920இல் மேமி ஸ்மித் என்ற பெண் பாடியது. அந்தப் பத்தாண்டு முழுவதும் மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் போன்ற பெண்களே புளூஸின் முகங்கள். தனி ஆணின் உருவத்துக்கு மூலமாகிய ராபர்ட் ஜான்சன் 1936, 1937 ஆகிய இரண்டே ஆண்டுகளில் பதிவுசெய்யப்பட்டவர். வாழ்ந்த காலத்தில் பரவலாக அறியப்படாதவர். அவரைப் புளூஸின் நடுவில் நிறுத்தியது பிற்கால வெள்ளையினச் சேகரிப்பாளர்களின் சுவை என்பதை எலியா வால்ட் (2004), மேரிபெத் ஹாமில்டன் (2007) ஆகியோர் வெவ்வேறு வழிகளில் விளக்கியுள்ளனர். பாடகிகளின் பாடல்களில் இருந்த உழைக்கும் பெண்ணின் அரசியலை ஆஞ்சலா டேவிஸ் 1998இல் வெளிவந்த நூலில் மீட்டெடுத்தார். லானகன் தம் இளமையில் பெற்றுக்கொண்ட புளூஸ், பாடகிகளைக் கழித்தபின் எஞ்சிய புளூஸ். அவருடைய இருண்ட தனிமைக்கு அக்கழித்தலும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

‘கானா தமிழின் புளூஸ்’ என்று சொல்லும்போது, பெண்களைக் கழித்துப் பெற்ற அந்த உருவத்தையே நாம் இறக்குமதி செய்கிறோம். பின் அதற்குப் பொருந்தும் ஆண் ஒருவரை வடசென்னையில் தேடிக் கண்டுபிடிக்கிறோம்: தாயற்றவர், சுடுகாட்டருகே வளர்ந்தவர், துயரமே உருவானவர். கானாப் பாடகர்கள் பற்றிய நேர்காணல்களில் இந்த வார்ப்பு திரும்பத் திரும்ப வருகிறது. அவர் ஓர் உழைப்பாளி என்பதும், ஓரிரவுக்கு இவ்வளவு எனப் பேசி வருபவர் என்பதும், சாவுக்குப் பறையடிக்குமாறு சாதியால் கட்டாயப்படுத்தப்பட்டோரின் வரலாறும், அதனை மறுத்து எழுந்த தலித் போராட்டங்களின் வரலாறும் அவர் தொழிலின் பின்னணியில் இருக்கின்றன என்பதும் அந்த வார்ப்பில் மங்கிவிடுகின்றன. சாவுப்பாட்டு அவருக்குச் சுமத்தப்பட்ட ஊழியமா, அவரே உரிமை கொண்டாடும் கலையா என்ற கூர்மையான வினா அவருடைய தெருவிலேயே விவாதிக்கப்படுகிறது. ‘துயரக் கலைஞன்’ என்னும் புகழுரை அவ்விவாதத்தைக் கேட்காமல் கடந்துவிடுகிறது.

ஒலிபெருக்கிக்கு மறுபுறமும் ஓர் இழப்பு. பந்தலில் டோலக்கு தொடங்கியதும் வீட்டுக்குள் ஒப்பாரி தணிகிறது. இருவரும் ஒரே நேரத்தில் பாட முடியாது; ஒருவரிடம் மைக் இருக்கிறது. முன்பு பெண்கள் ஆண்ட இரவை இப்போது ஆண்கள் ஆள்கின்றனர் என்று நேர்கோடாக எழுதிவிடுவது மிகை. ஊருக்கு ஊர், குடும்பத்துக்குக் குடும்பம் வழக்கம் மாறும். ஆயினும் ஆய்வுலகின் நிலை இதைவிட மோசமானது. ஒப்பாரியை ‘நாட்டுப்புறவியல்’ என்ற தாளில் கிராமத்தோடு சேர்த்துவைக்கிறோம். கானாவை ‘நகர்ப்புறப் பண்பாடு’ என்ற தாளில் இளைஞர்களோடு சேர்த்துவைக்கிறோம். எண்ணூரில் ஒப்பாரி பாடும் பெண் எந்தத் தாளிலும் வருவதில்லை.

ஆடவைக்கும் துயரம்

மரண கானாவுக்கு அமெரிக்கக் கறுப்பின மரபில் உடன்பிறப்பு உண்டா என்றால், உண்டு. அது நியூ ஆர்லியன்ஸ் நகரின் சவ ஊர்வலம். இடுகாடு வரை பித்தளைக் கருவிகள் மெல்ல அழுதபடி செல்லும். அடக்கம் முடிந்ததும் தாளம் மாறி, பின்வரும் கூட்டம் தெருவெங்கும் ஆடும். அதுவும் ஒரு துறைமுக நகரம் என்பது தற்செயலாக இருக்கலாம். வடசென்னையில் பூ இறைத்து, வெடி வெடித்து, மேளத்துக்கு ஆடிச் செல்லும் ஊர்வலத்தைப் பார்த்து ‘சாவில் என்ன கூத்து’ என்போர் நியூ ஆர்லியன்ஸ் ஊர்வலத்தைப் பண்பாட்டுச் செல்வம் எனப் பாராட்டுவதைக் கேட்டிருக்கிறேன்.

லானகனும் பிற்காலத்தில் இப்பக்கம் ஓரடி நகர்ந்தார். 2012இல் தம் பெயரிலமைந்த குழுவோடு வெளியிட்ட தொகுப்பின் தலைப்பு ‘புளூஸ் ஃப்யூனரல்’, புளூஸ் ஈமச்சடங்கு. அலன் யோஹான்ஸ் தயாரித்த அதில் கிதாரின் இடத்தைப் பல பாடல்களில் சிந்தசைசரும் இயந்திரத் தாளமும் எடுத்துக்கொள்கின்றன. வெட்டியானின் பாட்டோடு தொடங்கும் அத்தொகுப்பின் நடுவில், துயர டிஸ்கோவுக்கான வாழ்த்து என்று பொருள்படும் தலைப்பில் ஒரு பாடல் வருகிறது. பாடுபவன் அழுகிறான், தாளம் ஆடச் சொல்கிறது. புளூஸின் தூய்மையை விரும்புவோர்க்கு அது உவப்பாயிராது. கீபோர்டின் மின்தாளத்தில் விடிய விடியச் சாவைக் கேட்டுப் பழகிய செவிக்கோ, லானகனின் எல்லாப் பாடல்களிலும் அதுவே அண்மையில் இருப்பது. அங்கும் ஒரு குறை எஞ்சுகிறது: ஆட அழைக்கிறார், ஆட எவரும் வரவில்லை. சடங்கு என்ற பெயர் இருக்கிறது, சுற்றம் இல்லை.

நம் திரைப்படம் செய்தது இதற்கு நேர்மாறு. சுற்றத்தை வைத்துக்கொண்டு சாவை நீக்கியது. 2006இல் ‘சித்திரம் பேசுதடி’யில் கானா உலகநாதன் பாடியதும், 2012இல் ‘அட்டகத்தி’யில் கானா பாலா பாடியதும் பெருவெற்றி பெற்றபின், கானா என்றால் துள்ளல் என்ற பொருள் ஊன்றிவிட்டது. ‘அட்டகத்தி’ இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 சனவரியில் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் முதன்முறை மேடையேறியபோது, அயோத்திதாசரின் சாதியற்ற தமிழர் என்னும் கருத்திலிருந்து பெயரைப் பெற்று, கானாவையும் ராப்பையும் ராக்கையும் அரசியற் பேச்சோடு ஒரே மேடையில் இணைத்தது. அக்குழுவின் வரலாற்று இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆயினும் அங்கு ஓங்கி ஒலித்தது ‘நாம்’. கானாவின் ‘நாம்’ மேடைக்கு வந்துவிட்டது. ஒப்பாரியின் ‘நான்’ இன்னும் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

அக்குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்தில் வளர்ந்தவர். ஆண்களின் கலையாகவே அறியப்பட்ட கானாவைப் பாடி, 2020இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். அவரைப் பற்றிய கட்டுரைகள் ‘கானா பாடும் பெண்’ என்ற வியப்போடு பெரும்பாலும் நின்றுவிடுகின்றன. கேட்கப்பட வேண்டிய வினா மற்றொன்று: பெண்குரல் கானாவுக்குள் வரும்போது எந்தத் ‘தன்மை இடத்தை’க் கொண்டுவருகிறது? ஆண் பாடகர் இறந்தவரின் வாயாகி நின்று ‘நான்’ என்கிறார். ஒப்பாரிப் பெண்ணோ உயிரோடிருக்கும் தன் வாயால் ‘நான்’ என்கிறாள். மைக்கைப் பிடித்த ஒரு பெண், டோலக்கின் தாளம் குறையாமல், பந்தலின் பெயர்களையும் பாடி, தன் கணக்கையும் அதே பாட்டில் தீர்த்துக்கொண்டால் அந்தப் பாட்டுக்குக் கையறுநிலை என்றும் முதுபாலை என்றும் ஒருசேரப் பெயரிட வேண்டியிருக்கும். உரையாசிரியர்கள் அப்படியொரு துறைமயக்கத்துக்கு இடம் தந்திருப்பார்களா என்பதை இலக்கண அறிஞர்கள் கூறட்டும். கள ஆய்வாளர் செய்ய வேண்டியது எளியது: இரவுப் பந்தலில் ஒலிப்பதிவுக் கருவியை ஒலிபெருக்கியின் முன்னே மட்டும் வைக்காமல், வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளேயும் ஒன்றை, அங்கிருக்கும் பெண்களின் ஒப்புதலோடு, வைப்பது.